ராக்கு மூச்சு விட்ட நிலம்

குருந்தன்வலசைக் கண்மாய்க்கு அடியில் ஒரு மைல் ஆழத்தில் கம்பெனிக்காரர்கள் இறக்கி வைத்திருந்த புகை, என் மனைவி ராக்கு மூச்சை இழுத்தால் விரிந்தும் அவள் மூச்சை விட்டால் சுருங்கியும் கிடக்கிறது என்று தெரிய வந்த அன்று எங்கள் ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. என்னைச் சித்தப்பு என்றும் அவளைச் சின்னாத்தா என்றும் கூப்பிடுகிற பஞ்சாயத்துத் தலைவர் போஸ் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப இனிமே சின்னாத்தாளுக்குக் கஞ்சி நேரத்துக்குப் போகணுமேப்பா" என்றார், கூடியிருந்தவர்கள் எல்லாரும் அது நியாயந்தான் என்று தலையை ஆட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் நெல் ஒழுங்காக விளைந்த வருஷங்களைப் பெயர் வைத்து ஞாபகம் வைத்திருப்போம், மற்ற வருஷங்களில் சீமைக்கருவேலந்தான் சோறு போட்டது. அதை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை வைத்து, விறகு எரிந்துவிடாமல் வேகும்படி விட்டால் ஐந்தாறு நாளில் கரியாகும், அதற்கு மூட்டம் என்று பெயர். மூட்டத்தைத் தனியாக விடக்கூடாது. மேலே பூசிய மண் சூட்டில் வெடிக்கும், வெடிப்பு வழியாகக் காற்று நுழைந்தால் கரியாக வேண்டியது சாம்பலாகிவிடும், அதனால் வெடிப்பைக் கண்ட கை அந்த நிமிஷமே ஈரமண்ணை அள்ளி அடைத்துவிடும், இது எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தராத காரியம். வெட்டுவதும் அடுக்குவதும் என் வேலை, பூசுவதும் காவல் இருப்பதும் ராக்குவின் வேலை. முப்பத்தொரு வருஷம் அவள் புகைக்கு எதிரே உட்கார்ந்து அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் புகையெல்லாம் அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதாக ராமநாதபுரத்து டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூக்கில் குழாய் வைத்துக் காற்றுத் தருகிற மிஷின் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அது கரண்டில் ஓடுவது. எங்கள் தெருவுக்குக் கரண்டு இறங்கி இறங்கி வரும், இறங்கும்போதெல்லாம் மிஷின் முனகும், அது முனகினால் ராக்குவின் உதடு நாவல்பழ நிறத்துக்குப் போகும். டிரான்ஸ்பார்மரை மாற்றித்தரச் சொல்லி மனு எழுதிக்கொண்டு போஸிடம் எட்டுத் தடவை போனேன், "பாப்பம் சித்தப்பு" என்று எட்டுத் தடவையும் சொன்னார்.

கம்பெனி வந்தது அதற்குப் பிறகுதான். நாடு முழுக்கச் சூரியனுக்கும் காற்றாடிக்கும் மாறி முடிகிற வரைக்கும் கடலோரத்து மின்நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டுதான் இருக்கும், அந்தப் புகையில் இருக்கிற கரியமிலவாயுவை வானத்தில் விடாமல் நெருக்கிப் பிடித்து, காஸ் எடுத்துத் தீர்ந்துபோன பழைய கிணறு வழியாக உங்கள் ஊருக்கு அடியில் வைத்துவிடுகிறோம், அங்கே பாறைக்குள் உப்புத்தண்ணீர் இருக்கிறது, வாயு போனால் தண்ணீர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கும், ஆயிரம் வருஷத்துக்கு அப்படியே கிடக்கும் என்று பந்தல் போட்டுச் சொன்னார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். மிஷினை விட்டுக் கொஞ்ச நேரம் இருக்க முடிந்த காலம் அது, ராக்கு எழுந்து நின்று, "எங்க பொகைய நான் எனக்குள்ள வச்சிருக்கேன், ஒங்க பொகைய நீங்க மண்ணுக்குள்ள வைக்கிறீக, மண்ணுக்கும் இளைக்குமான்னு பாத்துக்கங்கய்யா" என்றாள். பந்தலே சிரித்தது. கம்பெனிக்காரர்களும் சிரித்து, அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

உள்ளே வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஷெர்லின் வந்தாள், நாகர்கோவில் பக்கத்துப் பெண், வெயிலுக்குத் தொப்பியும் பெரிய பூட்ஸும் போட்டவள். தரைக்குள் மின்சாரத்தை விட்டுப் பார்ப்பது அவள் தொழில்; உப்புத்தண்ணீர் மின்சாரத்தைக் கொண்டுபோகும், வாயு மறிக்கும், எங்கே போகிறது எங்கே மறிக்கிறது என்று நூறு இடத்தில் அளந்தால் உள்ளே இருப்பதற்கு ஒரு படம் கிடைத்துவிடும், தண்ணீர் நீலமாகவும் வாயு சிவப்பாகவும். அதற்காகக் கண்மாயைச் சுற்றி வயர் இழுத்து, முழங்கால் ஆழத்தில் குழி தோண்டி, குழைத்த களிமண்ணுக்குள் கம்பிகளைப் புதைத்திருந்தார்கள். அந்த மண் காயாமல் உப்புத்தண்ணீர் ஊற்றுவதற்கும், ஆடுகள் வயரைக் கடிக்காமல் விரட்டுவதற்கும் என்னை வைத்துக்கொண்டார்கள். அளக்கும்போது ஊரில் வேறு மின்சாரம் ஓடக்கூடாது, ஓடினால் படம் கலங்கிவிடும், ஆகவே தினமும் பகல் பதினொன்று முதல் இரண்டு வரை மாவு மிஷின், பம்ப்செட்டு, டிவி, எல்லாம் நிறுத்தம். அந்த மூன்று மணி நேரத்துக்கு ராக்குவுக்கு ஒரு சிலிண்டர் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் ஷெர்லின் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, ஊருக்குள்ள யாரோ மோட்டார் ஓட்டுறாங்க. படம் ஒரே சீரா ஏறி இறங்குது. எல்லா வீடும் பார்த்தாச்சு, உங்க வீடு மட்டும்தான் பாக்கி."

நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ராக்கு, "இருக்கிற ஒரு மோட்டாரையும் நீதானேத்தா நிறுத்தச் சொன்ன" என்றாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு இருமலாகிவிட்டது. அவள் இருமி ஓய்வதற்குள் ஷெர்லினின் இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியில், கண்மாய்க் கரையில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் கத்தினான்.

"மேடம், இப்ப என்ன செஞ்சீங்க? அஞ்சு தடவ குதிச்சிருச்சு."

ஷெர்லின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ராக்கு ஐந்து தடவைதான் இருமியிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்க, பார்ப்போம்."

"அதைத்தான் ரெண்டு வருசமாப் படிச்சிக்கிட்டிருக்கேன்."

"மெதுவாயிருச்சு மேடம்" என்றது வாக்கிடாக்கி.

"இப்ப கொஞ்சம் பிடிச்சுக்கோங்க."

ராக்கு பிடித்தாள். "நின்னுருச்சு மேடம்." ராக்கு விட்டாள். "வந்துருச்சு." ராக்கு என் பக்கம் திரும்பி, கண்ணில் நீர் முட்ட, "இங்கரு, பூமி என் பேச்சக் கேக்குது. நீ ஒரு நாளாவது கேட்டிருப்பியாய்யா?" என்றாள். ஷெர்லின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, சிலிண்டரில் காற்று எவ்வளவு மீதி என்று பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்கு இரண்டு நாளில் எங்கள் தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வந்தது. கம்பெனி இரண்டாவது மிஷின் ஒன்றும் ஜெனரேட்டர் ஒன்றும் ஒரு நர்ஸம்மாவையும் அனுப்பியது. ராக்கு இருமினால் கண்மாயைச் சுற்றியிருக்கிற ஏழு ஊரிலும் அலமாரித் தட்டில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடும், குடத்துத் தண்ணீரில் வளையம் ஓடும் என்று கண்டுகொண்ட பிறகு, வத்தல் தாளித்தால் அவளுக்கு நெடி ஏறுகிறதென்று முதலில் எங்கள் தெருவும், பிறகு ஊரும், பிறகு ஏழு ஊரும் தாளிப்பதை விட்டுவிட்டன, பச்சைக் குழம்பைச் சாப்பிட்டுப் பழகிக்கொண்டன. கொத்தனார்கள் அவள் கண்ணயர்ந்திருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு செங்கல் வைத்தார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் சின்னாத்தாளுக்கு இருமல் வந்துவிடக்கூடாதென்று முகூர்த்தத்துக்கு முன்னால் நர்ஸம்மாவிடம் ஆள் வந்து கேட்டுவிட்டுப் போகும். கண்மாய்க்குக் கீழே மடைத்தெருவில் நாற்பது வீடு, அங்கேதான் தரை நன்றாக ஏறி இறங்கியது, அந்த வீட்டுப் பெண்கள் தொட்டிலை அவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளை வெறுந்தரையில் போட்டார்கள், போட்ட உடனே அவை தூங்கிவிட்டன, தாலாட்டுகிற வேலை மிச்சம் என்று சிரித்துக்கொண்டார்கள்.

சுற்றுவட்டாரத்திலிருந்து வேனில் வந்து இறங்கி மாதுளம்பழமும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, "சாப்பிட்டாகளா? வெளிக்குப் போனாகளா?" என்று வாசலிலேயே விசாரித்துக்கொண்டு போனார்கள். என் தங்கச்சி பஞ்சவர்ணம் பக்கத்து வீடு, அவள்தான் பழத்தையெல்லாம் வாங்கி அடுக்குவாள். "மதினி, ஒனக்குச் செலை வைக்கப் போறாகளாம்" என்று கேலி செய்தாள் ஒருநாள்.

"செலைக்கு எளைக்காதுல்ல, வைக்கட்டும்" என்றாள் ராக்கு. பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாக்குத் தள்ளி இருமுனப்ப ஒருத்தி எட்டிப் பாக்கல பஞ்சு. இப்ப நான் தும்முனா ஏழு ஊரு மூக்கப் பிடிச்சிக்கிட்டு ஓடியாருது. இதுக எல்லாம் என்னையவா பாக்க வருதுக?" என்றாள்.

நான் ஷெர்லினைத் தனியே பிடித்து, அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் கீழே இருப்பதற்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் பூட்ஸ் நுனியால் மண்ணைக் கிளறினாள். "தெரியாதுண்ணா. படிச்ச புத்தகத்துல இல்ல. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். அவளுக்குப் பயமாக இருக்கிறது என்பது சாயங்காலத்துக்குள் ஏழு ஊருக்கும் தெரிந்துவிட்டது.

சித்திரை பிறந்து வெயில் கண்மாயைக் குடித்து முடித்தது. கரிசல் தரை பாளம் பாளமாக வெடித்து, கையை விட்டால் தோள்பட்டை வரை உள்ளே போகும்படி வாயைத் திறந்துகொண்டது. வருஷா வருஷம் வெடிப்பதுதான், வருஷா வருஷம் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த வருஷம் அடியில் புகை இருந்தது. உள்ளே புகை, மேலே வெடிப்பு, அதைப் பார்த்துக்கொண்டு கரி மூட்டம் போடுகிறவன் எவன் சும்மா உட்கார்ந்திருப்பான்? போஸ் மைக் கட்டி ஆட்டோவில் சொல்லக்கூட இல்லை, விடிந்தபோது ஆட்கள் தாமாகக் கூடையும் மண்வெட்டியுமாகக் கண்மாய்க்குள் நின்றார்கள், ஏழு ஊரிலிருந்தும் வந்திருந்தார்கள், கரி வேலைக்குப் போகாத வாத்தியார்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் கூடை மண் என்னுடையது. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். லாரியில் தண்ணீர் வந்தது, மண்ணைக் குழைத்துக் குழைத்து வெடிப்புகளில் திணித்து, உள்ளங்கையால் தட்டி, மேலே வழித்துப் பூசி, ஒன்பது நாளில் முந்நூறு ஏக்கர் கண்மாயையும் ஒரே மூட்டம்போலப் பூசி முடித்தோம். பெண்கள் குலவை போட்டார்கள்.

"இந்த வெடிப்பு ஓராள் ஆழம்தான், வாயு ஒரு மைலுக்குக் கீழ இருக்கு, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல" என்று ஷெர்லின் கரையில் நின்று தொண்டை வற்றக் கத்தினாள்.

"மேடம், படம் நீங்க பாருங்க, மூட்டம் நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள்.

பூசப் பூசப் படம் அமைதியானது. சிவப்பு ஏறி இறங்குவது குறைந்து, கடைசியில் நூல்போல ஒரு துடிப்பு மட்டும் மிஞ்சியது. கம்பெனியின் மேலிடத்திலிருந்து ஊருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, அதைச் சட்டம் போட்டுப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் மாட்டினார்கள்.

வீட்டில் ராக்குவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்தது. கிழக்குப் பக்கத்தைப் பூசிய அன்று அவளால் படுக்க முடியவில்லை, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். மேற்கைப் பூசிய அன்று கஞ்சி இறங்கவில்லை. இரண்டு மிஷினையும் ஒன்றாகப் போட்டும் நர்ஸம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பதாம் நாள் அவளால் ஒரு மூச்சில் ஒரு வார்த்தைதான் பேச முடிந்தது. "போதும்" என்பது அந்த வார்த்தை. எதைப் போதும் என்கிறாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

நான் பஞ்சாயத்துக்கு ஓடினேன். கண்மாயைத் திறந்துவிடுங்கள் என்றேன், அவள் மூச்சு அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றேன்.

"படம் அமைதியா இருக்கே சித்தப்பு" என்றார் போஸ்.

"படந்தான்டா அமைதியா இருக்கு. வந்து அவளப் பாரு."

"ஏழு ஊரு சித்தப்பு. நாலாயிரம் உசுரு."

"எட்டுத் தடவ மனு எழுதிக்கிட்டு ஒன் வாசல்ல நின்னேன். அப்பயும் அது ஒரு உசுருதான்."

போஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுதார், பொய் அழுகை இல்லை, தோள் குலுங்கியது. ஆனால் திறக்கலாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் நண்பகலில், சனம் வெயிலுக்கு வீட்டுக்குள் அடங்கியிருந்த நேரத்தில், நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கண்மாயின் தென்மூலைக்குப் போனேன். பூசிய மண் பாறையாக இறுகியிருந்தது. குத்தி நெம்பி ஒரு வெடிப்பைத் திறந்தேன், உள்ளிருந்து பழைய பானையைத் திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. வீட்டுக்கு ஓடினேன். ராக்கு தலையைத் தூக்கி, "என்னய்யா இப்படி வேர்த்து ஊத்துது, எங்க போயிட்டு வார?" என்று முழுசாக ஒரு வாக்கியம் கேட்டாள். அந்த வாக்கியத்துக்காக நான் மறுநாள் அங்கேயே இரண்டாவது வெடிப்பைத் திறந்தேன், அவள் கஞ்சி குடித்தாள். மூன்றாவது நாள் மூன்றாவதைத் திறந்தேன், அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சீப்பை வாங்கித் தலை சீவிக்கொண்டு, மிஷின் மேல் காபி டம்ளரை வைத்ததற்காக நர்ஸம்மாவைத் திட்டினாள். இன்னும் எத்தனை வெடிப்பு, இன்னும் எத்தனை நாள் என்று நான் கணக்குப் போடவில்லை, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று மட்டும் நினைத்தேன். ஷெர்லின் நான் செய்வதைக் கண்டுகொண்டாள், படத்தில் தெரிந்துவிட்டது அவளுக்கு. "அண்ணா, வேண்டாம்ணா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை.

நான்காவது, மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இருந்தது. அதைத் திறந்துவிட்டுக் கரையேறினேன். அன்று காற்றே இல்லை, கருவேல இலை ஒன்றுகூட அசையவில்லை. பஞ்சவர்ணத்தின் ஆடுகள் நிழலைத் தேடிக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கின. இறங்கிய வெள்ளாடு முன்னங்காலை மடித்தது, அடுத்தது அதன் பக்கத்தில் மடித்தது, ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக, படுக்கச் சொன்ன மாதிரி, சத்தமில்லாமல் படுத்தன. "ஏய், எந்திரி, ஏய்" என்று கம்பை ஆட்டிக்கொண்டு பஞ்சவர்ணம் பின்னாலேயே இறங்கினாள், நான் வேண்டாமென்று கத்துவதற்குள் அவளும் மண்டியிட்டுவிட்டாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அவள் முடியைத்தான் பிடிக்க முடிந்தது, அதைப் பிடித்தே இழுத்துக் கரையில் போட்டேன். முகத்தில் தண்ணீர் அடித்து, கன்னத்தில் அறைந்து, வெகுநேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்தாள். "அண்ணே, தண்ணியே இல்லாம முங்கிட்டேண்ணே" என்றாள். ஆடுகள் கண்ணைத் திறந்தபடியே கிடந்தன, மேலே ஒரு கீறல் இல்லை.

வெடிப்பில் ஏறி வந்த வாயு காற்றைவிடக் கனம், தண்ணீர்போலப் பள்ளத்தில் தேங்கித் தாழ்ந்த பக்கம் போகும். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மடை. மடைக்கு அந்தப் பக்கம் மடைத்தெரு. நாற்பது வீட்டிலும் பிள்ளைகள் வெறுந்தரையில் படுத்துத் தூங்குகிற நேரம் அது. நான் ஓடிய ஓட்டத்தில் சத்தம் போட்டுப் பிள்ளைகளைத் தூக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போனேன்.

ராக்கு என் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாள். கைத்தாங்கலாக வந்த பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தன தெறந்த?"

"நாலு."

"அதான் பேச முடிஞ்சுதா." மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். "போயி அடை."

"அடைச்சா நீ..."

"இங்கரு. முப்பத்தொரு வருசத்துல ஒரு வெடிப்பப் பாத்துட்டு நான் சும்மா உக்காந்திருக்கேனா? என்னைய என்ன பொம்பளைன்னு நெனச்ச? போய்யா. வெரசாப் போ."

நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் காலை நீட்டி, பாதத்தால் என் தோளைத் தள்ளினாள். அந்தத் தள்ளலில் பலமே இல்லை, ஆனாலும் எழுந்துவிட்டேன்.

கண்மாய்க் கரையில் ஊர் கூடிவிட்டது. என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன், யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை, மண்ணைக் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "நாங்க அடைக்கிறோம் சித்தப்பு, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார் போஸ். நான் திறந்தது, நானே அடைக்கிறேன் என்றேன். கம்பு நுனியில் துணியைச் சுற்றிக் கொளுத்தி முன்னால் நீட்டிக்கொண்டே போனேன், தீ அணைந்தால் நின்றேன், அணையாவிட்டால் அடுத்த அடி வைத்தேன். தென்மூலையில் மூன்றையும் அடைத்தேன். ஒவ்வொன்றையும் அடைக்கும்போது வீட்டில் அவளுக்கு எது போகிறதென்று எனக்குத் தெரியும். தலை சீவியது போயிற்று, கஞ்சி போயிற்று, வாக்கியம் போயிற்று. நான்காவதற்கு வந்தபோது பொழுது சாய்ந்து கடல்காற்று எழுந்தது, பள்ளம் தெளிந்தது, தீ நின்று எரிந்தது. மண்ணைத் திணித்து, தட்டி, வழித்துப் பூசி, பூசிய இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.

அடியில் ஏறியது. இறங்கியது. வெகுநேரம் கழித்து மறுபடி ஏறியது.

உயிரோடுதான் இருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கரையிலிருந்து பஞ்சவர்ணம் தள்ளாடித் தள்ளாடி இறங்கி வந்தாள், தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"அண்ணே, மதினி போயிருச்சுண்ணே. அப்பவே போயிருச்சு. நாலே காலுக்கெல்லாம் நர்ஸம்மா கொழாயக் கழட்டிருச்சு."

"இல்லத்தா. இங்கரு, கைய வையி."

வைத்தாள். அவள் முகம் மாறியது. ஏறியது, இறங்கியது. அவள் மற்றக் கையையும் வைத்தாள். பிறகு போஸ் வந்து குத்தவைத்து உட்கார்ந்து கையை வைத்தார், பிறகு வாத்தியார், பிறகு மடைத்தெருப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு, ஈரமண்ணைச் சுற்றி இடம் இல்லாமல் ஒருவர் கைமேல் ஒருவர் கையாக. ஷெர்லின் எட்டி நின்று வாக்கிடாக்கியைக் காதில் வைத்திருந்தாள். "வருது மேடம், இன்னும் வருது" என்றது அது.

"கைய யாரும் எடுத்துறாதீக" என்றார் போஸ், மெதுவாக, குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி. "இப்படியே வச்சிருந்தா இருக்கும் போலருக்கு. சித்தப்பு, மொறை போட்டுக்குவோம். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஏழு ஊருக்கும் ஆள் இருக்கு, பகலுக்குப் பொம்பளைக, மத்த நேரத்துக்கு ஆம்பளைக. பந்தல் போட்டுக்கிருவோம்." வாத்தியார் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். எந்த ஊர் எந்தக் கிழமை என்று பேச்சு வந்தது. மடைத்தெருப் பெண் ஒருத்தி, தான் வெள்ளிக்கிழமைக்கு வருவதாகச் சொன்னாள்.

என் உள்ளங்கைக்குக் கீழே அது ஏறியது. பாதியில் நின்று, கரகரவென்று எதையோ தாண்ட முடியாமல் தாண்டி, மீதியை ஏறியது. இறங்கும்போது சீழ்க்கைபோல இழுத்தது. அந்தக் கரகரப்பை எனக்குத் தெரியும், மண்ணுக்குள்ளும் அவளுக்கு இளைக்கிறது. இரண்டு வருஷம் அதன் பக்கத்தில் படுத்திருந்தவன் நான்.

நான் கையை எடுத்தேன்.

எடுத்தும் அது நிற்கவில்லை, மற்றவர்கள் கை இருந்தது. பஞ்சவர்ணத்தின் மணிக்கட்டைப் பிடித்து ஒவ்வொரு கையாக எடுத்தேன், அவள் என்னைப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். வாத்தியாருடையதை எடுத்தேன். மடைத்தெருப் பெண்கள் சிலர் தாமாக எடுத்துக்கொண்டு பிள்ளையை இறுக்கிக்கொண்டார்கள், சிலருடையதை நான் எடுத்தேன். வாக்கிடாக்கி, "குறையுது மேடம்" என்றது, ஷெர்லின் அதன் குமிழைத் திருகி நிறுத்தினாள். கடைசியில் போஸின் கை மட்டும் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஐந்து விரலையும் மண்ணுக்குள் பதித்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"விடுறா" என்றேன்.

"ஒரு நிமிசம் சித்தப்பு. ஒரே ஒரு நிமிசம்."

அவர் கை கனமாக இருந்தது, இரண்டு கையாலும் பிடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.